அந்துப்பூச்சிப் பொறியும் அதிகாலை ராபினும்

மார்ச் கடைசி வாரத்தின் ஒரு காலையில், தோட்டத்துப் பொறியிலிருந்து வெளியே எடுத்த பதினான்கு முட்டை அட்டைகளில் 41 அந்துப்பூச்சிகள் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தன. பிப்ரவரி நடுவிலும் அதே பெட்டிதான், அதே வகை விளக்குதான். ஆனால் அப்போது எட்டு இரவுகளுக்கும் சேர்த்து ஐந்து பூச்சிகளே கிடைத்தன. பருவம் முன்னேறியதால் பூச்சிகள் பெருகியிருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் நான் செய்தவற்றில் பலன் தந்த மாற்றங்கள் இரண்டு மட்டுமே: ஒரு பிளவின் அகலத்தைக் குறைத்தேன், படுக்கையிலிருந்து எழும் நேரத்தை முன்னே நகர்த்தினேன். இதைக் கண்டுபிடிக்க ஆறு வாரங்கள் ஆயின. அவற்றில் நான்கு வாரங்களைத் தவறான இடத்தில் தேடியே கழித்தேன்.

நான் அடிப்படையில் பறவை பார்ப்பவன். வலசை வரும் சிஃப்சாஃப் பறவை தன் பெயரையே கூவிக்கொண்டு மார்ச் நடுவில் வந்து சேரும் வரை, குளிர்நாட்டுத் தோட்டத்தில் புதிதாகக் குறித்துவைக்க அதிகம் இருப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் அந்துப்பூச்சிப் பொறி செய்யலாம் என்ற எண்ணம் வந்தது. ஐரோப்பாவின் வடமேற்குப் பகுதியில் ஐந்தாறு டிகிரி வெப்பத்திலும் பறக்கக்கூடிய முன்வசந்த இனங்கள் உள்ளன. அவை புறப்படும் முன் பறப்புத் தசைகளை நடுங்கவைத்து உடலைச் சூடேற்றிக்கொள்கின்றன.

வழக்கிலுள்ள பொறி வகைகளில் மூன்றைப் பார்த்தேன். ராபின்சன் சகோதரர்கள் 1950இல் வெளியிட்ட வட்ட வடிவப் பொறி மிக அதிகமாகப் பிடிக்கும்; ஆனால் அது பாதரச ஆவி விளக்கோடு பழகியது, அந்த வெளிச்சத்தை அண்டை வீட்டார் பொறுக்க மாட்டார்கள். ஜான் ஹீத் 1965இல் விவரித்த பொறி சிறியது, தூக்கிச் செல்ல ஏற்றது, ஆனால் பிடிப்பது குறைவு. பெர்னார்ட் ஸ்கின்னரின் பெயரால் அறியப்படும் வகை இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது: மேலே திறந்த மரப்பெட்டி, அதன் வாயில் உட்புறமாகச் சரியும் இரண்டு ஒளிபுகும் தகடுகள், தகடுகளுக்கு நடுவே நீளமான ஒரு பிளவு, பிளவுக்கு மேலே விளக்கு. சுற்றிச் சுற்றி வரும் பூச்சி தகட்டில் மோதிச் சறுக்கி, பிளவின் வழியே உள்ளே விழுந்து, முட்டை அட்டையின் குழிக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. எல்லாம் உயிரோடு இருக்கும். காலையில் எண்ணிவிட்டு விட்டுவிடலாம். மரவேலை அதிகம் தெரியாதவனுக்கும் கைவரும் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

9 மில்லிமீட்டர் பிளைவுட்டில், உள்ளளவு 50 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 30 உயரம் எனப் பெட்டியை அறுத்தேன். 50 என்ற நீளத்தை விளக்கு முடிவு செய்தது, ஏனென்றால் 15 வாட் புற ஊதாக் குழல்விளக்கின் நீளம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். மூலைகளில் 20 மில்லிமீட்டர் சதுரக் கட்டைகளை வைத்துத் திருகினேன். அடியில் நான்கு துளைகள் போட்டு, மழைநீர் வடியவும் பூச்சி வெளியேறாமலிருக்கவும் கொசுவலைத் துண்டுகளை உள்ளிருந்து ஒட்டினேன். இதுவரை எல்லாம் ஒரே சனிக்கிழமையில் முடிந்தது. அக்ரிலிக் தகடுகள்தான் மூன்று மாலைகளை விழுங்கின. மரத்துக்குப் போடும் டிரில் முனையை முழு வேகத்தில் ஓட்டியதால், முதல் தகடு இரண்டாவது துளையிலேயே ஓரம் வரை விரிசல் விட்டது. அடுத்த தகட்டுக்கு, துளையிடும் இடத்தில் இருபுறமும் டேப் ஒட்டி, அடியில் ஒரு மரத்துண்டை இறுக்கி வைத்து, 2 மில்லிமீட்டர் முனையில் தொடங்கி மெதுவாக 5 வரை பெரிதாக்கினேன். திருகு 4 மில்லிமீட்டர்தான். வெயிலில் தகடு விரிய அந்த ஒரு மில்லிமீட்டர் இடம் வேண்டும்.

ஒரு தகடு வீணானதால் மிச்சமிருந்த துண்டுகளை வைத்தே ஒப்பேற்ற முனைந்தேன். 20 சென்டிமீட்டர் அகலத்தில் இருக்கவேண்டிய தகடுகள் 18.5ஆகக் குறைந்தன. சரிவில் பொருத்திய பிறகு நடுவில் கிடைத்த பிளவு ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். வாய் பெரிதாக இருந்தால் பூச்சி எளிதாக விழும் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குறிப்பேட்டில் அந்த வாக்கியம் அப்படியே இருக்கிறது.

செலவில் பாதிக்கு மேல் விளக்குக்கும் அதன் சோக்குக்கும் போனது, பிளைவுட்டும் திருகும் கால் பங்கைத் தாண்டவில்லை. முட்டை அட்டைகள் இலவசம். சோக்கை ஒரு மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, ஒயர் நுழையும் துளைகளைச் சிலிக்கோனால் அடைத்தேன். முதல் மழையிலேயே மின்கசிவுத் துண்டிப்பான் வேலை செய்து விளக்கு அணைந்தது. சிலிக்கோன் சரியில்லை என நினைத்து இன்னும் அப்பினேன், மறுநாளும் அணைந்தது. உண்மையில் நீர் சிலிக்கோன் வழியே வரவில்லை. மேலிருந்து நேராக இறங்கிய ஒயரின் மேல் வழிந்து, பிளக்கும் நீட்டிப்பு ஒயரும் சேரும் இடத்துக்குள் போயிருந்தது. ஒயரைத் தொட்டில்போலத் தாழத் தொங்கவிட்டு, நீர் அந்தத் தாழ்புள்ளியில் சொட்டிவிடும்படி செய்து, இணைப்பை மூடியுள்ள டப்பாவுக்குள் வைத்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. தோட்டத்தில் மின்சாரத்தோடு விளையாடுபவர்கள் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கருவி இல்லாமல் தொடங்கவே கூடாது. அது இல்லாதிருந்தால் இந்தப் பதிவை வேறு யாராவது எழுத நேர்ந்திருக்கும்.

இனி காலியான எட்டு இரவுகளைப் பற்றி. காற்றில்லாத, மேகம் மூடிய, 7 முதல் 9 டிகிரி வரை இருந்த இரவுகளிலும் காலையில் பெட்டிக்குள் ஒன்றோ இரண்டோ, பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. விளக்கின் மேல் சந்தேகம் வந்து குழலை மாற்றினேன். விளக்கை 5 சென்டிமீட்டர் உயர்த்தினேன், பிறகு இறக்கினேன். வேலியோரத்திலிருந்து புல்வெளி நடுவுக்கும், அங்கிருந்து சுவரருகேயும் பெட்டியை இடம் மாற்றினேன். ஒரே இரவில் இரண்டு மூன்றை மாற்றியதால், எதனால் என்ன நடந்தது என்று சொல்லவும் முடியாமல் போயிற்று. இப்போது நினைத்தால், ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு இரவில் வெளியே போயிருந்தாலே பாதி விடை கிடைத்திருக்கும்.

அதை மார்ச் முதல் வாரத்தில்தான் செய்தேன். வேலிக்கு அப்பால் ஒரு வில்லோ மரம் பூத்திருந்தது. முன்வசந்தத்தில் தேன் தரும் பூக்கள் குறைவென்பதால், அந்தப் பஞ்சுப் பூங்கொத்துகளுக்கு இரவில் அந்துப்பூச்சிகள் கூட்டமாக வரும் என்பது பழைய செய்தி. டார்ச் ஒளியில் பார்த்தபோது தாழ்ந்த கிளைகளில் மட்டும் ஒன்பது பூச்சிகள் நாக்கை நீட்டித் தேன் குடித்துக்கொண்டிருந்தன. பூச்சி இல்லை என்ற என் விளக்கம் அங்கேயே விழுந்தது. திரும்பும் வழியில், இரவு பதினொரு மணிக்கு, பொறியின் பிளவு வழியே எட்டிப் பார்த்தேன்: அட்டைகளின் மேல் நான்கு இருந்தன. காலை ஏழு மணிக்கு அதே அட்டைகளை எடுத்தபோது ஒன்றும் இல்லை. ஆக, பொறி பிடிக்கிறது. பிடித்ததை யாரோ எடுத்துப் போகிறார்கள், அல்லது அவையே தப்பிக்கின்றன.

அன்று காலை முதல்முறையாகப் பெட்டியைச் சுற்றியிருந்த புல்லைக் குனிந்து பார்த்தேன். பனியில் நனைந்து ஒட்டியிருந்தது ஓர் இறக்கை. செம்பழுப்பு நிறம், நடுவில், அடைப்புக்குறியைக் கவிழ்த்ததுபோல, மை தொட்டு எழுதிய ஒரு கறுப்புக் குறி. எபிரேய எழுத்தான நூனைப் போல இருப்பதால் ஹீப்ரூ கேரக்டர் என்று பெயர் பெற்ற ஓர்தோசியா கோத்திகாவின் முன்னிறக்கை அது. இரண்டடி தள்ளி இன்னொன்று, அதற்கப்பால் மூன்று. எல்லாம் அடியோடு கழற்றியதுபோல் முழுசாக இருந்தன. உடல் ஒன்றுகூட இல்லை. இறக்கையை உதறிவிட்டு உடலை மட்டும் விழுங்குவது பறவையின் பழக்கம். பல ஆண்டுகளாகப் பறவை பார்ப்பவனுக்கு இது எட்டாவது இரவுக்குப் பிறகா தோன்ற வேண்டும் என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் சூரிய உதயத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பே சமையலறைச் சன்னலில் பைனாகுலருடன் உட்கார்ந்தேன். இருள் கலையாத அந்த நேரத்தில் வேலிக்கம்பத்தில் ராபின் பாடத் தொடங்கியது. இருபது நிமிடம் போல் பாடிவிட்டுப் புல்லில் இறங்கி, பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தது. அக்ரிலிக் தகட்டில் காலை வைத்ததும் நகம் பிடிப்பில்லாமல் வழுக்கிச் சறுக்கியது. பூச்சிக்காக நான் செய்த சரிவில் அதுவும் பிளவு வழியே நேராக உள்ளே போய்விட்டது. சன்னலைச் சற்றுத் திறந்திருந்ததால் அட்டைகளுக்கு நடுவே அது கிளறும் ஓசை கேட்டது. அலகில் ஒரு பூச்சியோடு மேலே வந்து, பெட்டி விளிம்பில் அதை நான்கைந்து முறை அடித்து, இறக்கைகள் உதிர்ந்ததும் விழுங்கிவிட்டு, மறுபடியும் உள்ளே போனது. பதற்றமே இல்லை. நான் சன்னலில் இருந்தவரை ஐந்து முறை போய் வந்தது.

என் பறவைக் குறிப்பேட்டைப் புரட்டினேன். பொறி வைத்த முதல் காலையிலிருந்தே ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் ஒரே பதிவு: ராபின், 1, வேலிக்கம்பம், மனிதரிடம் அச்சமில்லை. மகிழ்ச்சியோடு எழுதி வைத்திருந்தேன்.

திருத்தத்துக்கான அளவை, பறவைகள் கூடு கட்டத் தோட்டத்தில் வைக்கும் கூட்டுப்பெட்டிகளிடமிருந்து எடுத்தேன். நீலச் சிட்டான புளூ டிட் 25 மில்லிமீட்டர் துளையில் நுழைந்துவிடும், கிரேட் டிட்டுக்கு 28 போதும் என்பது கூட்டுப்பெட்டி செய்பவர்களுக்கு மனப்பாடம். ஆகவே பிளவு 25க்கும் கீழே இருக்கவேண்டும். எஞ்சிய அக்ரிலிக்கில் 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இரண்டு பட்டைகளை அறுத்து, தகடுகளின் உள் ஓரங்களில் ஒட்டினேன். பிளவு 22 மில்லிமீட்டரானது. ஒட்டும் முன் இரண்டு பரப்புகளையும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கியது நல்லதாயிற்று, ஏனென்றால் தேய்க்காமல் ஒட்டிய முதல் பட்டை பனி விழுந்த முதல் இரவிலேயே பெயர்ந்தது. ஆனால் சன்னமான உடல்கொண்ட ரென் என்ற குட்டிப் பறவை 22 மில்லிமீட்டரையும் சமாளிக்கக்கூடும். மேலும் பெட்டிக்கு வெளியே சுவரிலும் புல்லிலும் உட்காரும் பூச்சிகளை எந்தப் பிளவும் காப்பாற்றாது. அதனால் உதயத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன் எழுந்து, விளக்கை அணைத்து, சுற்றுப்புறப் பூச்சிகளைச் சிறு டப்பாக்களில் எடுத்துவிட்டு, பெட்டியின் மேல் தடித்த துணியைப் போர்த்தி நான்கு முனைகளிலும் கல் வைப்பதை வழக்கமாக்கினேன். பூச்சி எண்ணுவதை வெளிச்சம் வந்த பிறகு நிதானமாக வீட்டுக்குள் வைத்துச் செய்யலாம்.

அந்த 41இல் காமன் குவேக்கர் 17, ஹீப்ரூ கேரக்டர் 11, ஸ்மால் குவேக்கர் 6, கிளவுடெட் டிராப் 3, ஏர்லி கிரே 2. மார்ச் மாத், ஓக் பியூட்டி ஒவ்வொன்று. மார்ச் மாத் ஆண்தான், ஏனென்றால் அந்த இனத்தில் பெண்ணுக்கு இறக்கை கிடையாது, அது மரத்தண்டில் ஏறி உட்கார்ந்திருக்கும். எந்த விளக்கும் அதை வரவழைக்காது, டார்ச்சோடு நாம்தான் போகவேண்டும். எண்ணி முடித்தபின் பூச்சிகளைப் பொறியிருந்த இடத்திலேயே கொட்டினால் ராபினுக்கு விருந்து வைத்ததாகிவிடும். தோட்டத்தின் மறுகோடியில் அடர்ந்த ஐவிக் கொடிக்குள் அட்டையோடு செருகிவிட்டு, மாலையில் அட்டையை மட்டும் எடுத்துவந்தேன். அடுத்தடுத்த இரவுகளில் பொறி வைப்பதையும் நிறுத்தினேன். சில வாரங்களே பறக்கும் பூச்சி, உணவுக்கும் துணைக்கும் அலையவேண்டிய இரவை என் பெட்டிக்குள் கழிப்பது சரியாகப்படவில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் வலசைப் பறவைகளைப் பார்க்க ஸ்பெயின் பெருநிலப்பரப்பின் தென்முனையான தாரிஃபாவுக்குப் போக ஏற்பாடாகியிருந்தது. ஜிப்ரால்டர் நீரிணை மிகக் குறுகலாக, 14 கிலோமீட்டர் அகலத்தில் இருப்பது அங்கேதான். வசந்தத்தில் கரும்பருந்துகளும் பாம்புக்கழுகுகளும் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வருவதை அங்கே கரையில் நின்றே பார்க்கலாம். பெட்டியை விமானத்தில் கொண்டுபோக முடியாது என்பதால் ஒரு வாளிப் பொறி செய்தேன். 10 லிட்டர் வாளி, மூடியில் வட்டமாக அறுத்த துளை, அதில் ஒரு சமையலறைப் புனல், புனலுக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் மூன்று பிளாஸ்டிக் தடுப்புகள், அவற்றின் நடுவே எல்.இ.டி. விளக்கு. மின்சாரத்துக்கு 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க். 3.7 வோல்ட்டில் பெருக்கினால் அது 74 வாட்-மணி; விமானங்களில் வழக்கமாக அனுமதிக்கும் 100 வாட்-மணிக்குள் வருகிறது, ஆனால் கைப்பையில்தான் வைக்கவேண்டும். மின்னழுத்தம் மாற்றும்போது இழப்பது போக 60 கிடைத்தால், 5 வாட் விளக்கு 12 மணி நேரம் எரியும். ஓர் இரவுக்குத் தாராளம்.

முதலில் வாங்கிய எல்.இ.டி. பட்டை 395 நானோமீட்டர் வகை. கண்ணுக்குப் பளிச்சென்று ஊதாவாகத் தெரிந்ததால் நன்றாக வேலை செய்யும் என்று ஏமாந்தேன். தோட்டத்தில் ஆறு இரவுகள் மாற்றி மாற்றிச் சோதித்ததில், கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் 365 நானோமீட்டர் விளக்கே ஒவ்வொரு முறையும் அதிகமாகப் பிடித்தது. மங்கலாக இருக்கிறதே என்று அதை நேராக உற்றுப் பார்ப்பது ஆபத்து. புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணிந்தபிறகே பக்கத்தில் போகவேண்டும். அந்தச் சிறு விளக்கு நன்றாகச் சூடேறவும் செய்யும். அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்றில் ஒட்டியபின் சூடு அடங்கியது.

தாரிஃபாவில் வாளியைத் தங்கிய வீட்டின் தோட்டத்தில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டுதான் வைத்தேன். பாதுகாக்கப்பட்ட நிலங்களில் உயிரோடு பிடித்து விடுவதற்கும் முன் அனுமதி வாங்கவேண்டும். முதல் இரவே லெவாந்தே என்னும் கிழக்குக் காற்று வாளியை உருட்டித் தள்ளியது. மறுநாள் அடியில் மூன்று கிலோ கல்லை வைத்து, அதன்மேல் அட்டைகளை அடுக்கி, சுவரின் மறைவுக்குக் கொண்டுபோனேன். காற்று நின்றது, பூச்சி வந்தது. ஆனால் நள்ளிரவில் போய்ப் பார்த்தால் தடுப்பின் மேல் ஒரு பல்லி. சுவர்களில் திரியும் மூரிஷ் கெக்கோ, விளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, வருவதை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டிருந்தது. டியூப்லைட் பக்கத்தில் பல்லி காத்திருப்பதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு இதைச் சுவரருகே வாளியை வைக்கும்போதே தோன்றியிருக்க வேண்டும். மூன்றாம் இரவு வாளியைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, ஒரு பழைய வெள்ளைப் போர்வையின் நடுவில், காற்றுக்குக் குறுக்கே இரண்டு நாற்காலிகளை அணைத்து வைத்தேன்.

அந்த இரவு சில்வர் ஒய் நான்கும் ரஷ் வெனீர் ஏழும் வாளிக்குள் கிடைத்தன. இரண்டுமே நெடுந்தூரம் வலசை போகும் இனங்கள். ஆனால் அந்தப் பயணத்தின் பெரிய பூச்சி வாளிக்குள் இல்லை. விடியும் முன் துணி போர்த்தப் போனபோது, போர்வையின் ஓரத்தில் ஸ்ட்ரைப்ட் ஹாக்-மாத் என்ற பருந்து அந்து ஒன்று உட்கார்ந்திருந்தது: அம்பு முனைபோல் மடித்த இறக்கைகள், ஆலிவ் பழுப்பின் மேல் நரம்பு நரம்பாக வெள்ளைக் கோடுகள், மூன்று சென்டிமீட்டருக்கும் மேல் நீளமான தடித்த உடல். புனலின் கீழ்வாயை அளந்தேன், 24 மில்லிமீட்டர். வீட்டில் ராபினைத் தடுக்கக் குறுக்கியதே சரி என்ற எண்ணத்தில், இதிலும் குறுகிய புனலையே தேர்ந்தெடுத்திருந்தேன். சிறிய குவேக்கர்களுக்கு அந்த அளவு போதும். இறக்கை விரிப்பு ஏழெட்டு சென்டிமீட்டர் உள்ள பருந்து அந்துக்குப் போதாது. போர்வை மட்டும் இல்லாதிருந்தால் அது வந்துபோனதே தெரிந்திருக்காது.

அன்று காற்று முற்றிலும் அடங்கியிருந்தது. பத்து மணிக்கு மேல் கரும்பருந்துகள் கடலிலிருந்து தாழப் பறந்து வரத் தொடங்கின. சில அலைக்கு மேலே ஆளுயரத்தில் இறக்கையடித்து வந்து, கரையைத் தொட்டதும் வெப்பக்காற்றைப் பிடித்து எழும்பின. வட ஆப்பிரிக்காவிலிருந்து வலசை வரும் இனமான ஹாக்-மாத்தும் அதே நீரை இரவில் கடந்திருக்கலாம். அது அப்போது தோட்டத்து ரோஸ்மேரிப் புதருக்குள், நான் வைத்த இடத்தில், நடுங்கித் தன்னைச் சூடேற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த பெட்டிக்கான வரைபடத்தில் பட்டைகளை ஒட்டப்போவதில்லை. தகட்டின் உள் ஓரத்தில் நீளத் துளைகள் போட்டு, பட்டையைச் சிறகு நட்டுகளால் இறுக்கினால், முன்வசந்தத்தில் 22 மில்லிமீட்டரிலும் ஹாக்-மாத் பறக்கும் மே, ஜூன் மாதங்களில் 40இலும் பிளவை வைக்கலாம். அகலப்படுத்தும் இரவுகளில் இன்னும் முன்னதாக எழவேண்டியிருக்கும். வாளிக்கு வாய் பெரிய புனல் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். போர்வை பயணப்பெட்டியில் நிரந்தரமாகிவிட்டது.

ஊர் திரும்பிய மறுநாள் பொறியைத் திரும்ப வைத்தேன். விடியலுக்கு முன் துணியைப் போர்த்திவிட்டுச் சன்னலுக்கு வந்து பார்த்தபோது, ராபின் துணியின் மேல் இறங்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து, கல் வைத்த மூலையில் துணி சற்று மடிந்திருந்த இடத்தைக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. போய் அந்த மூலையில் இன்னொரு கல்லை வைத்தேன்.